ஒரு முகத்தை ஃபைல் மாற்றும்போது

திருவல்லிக்கேணியிலோ வியாசர்பாடியிலோ ஏதாவது ஒரு தெருவுக்குள் நடந்துபோனால் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனராவது கண்ணில் படும். அதில் இருக்கிற முகத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நிறைய பேனர்களில் அந்த முகம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். கன்னம் உப்பியிருக்கும், தோள் அகன்றிருக்கும். இல்லையென்றால் மேலும் கீழும் நீண்டு, ஒல்லியான வேறு யாரோ போல இருக்கும். தெரியாதவர்கள் கடந்துபோய்விடுவார்கள். அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும் என்னவோ உறுத்தும். துக்க வீட்டில் அதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்?

டிசைன் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. கல்யாண ஆல்பம், கடை போர்டு, விசிட்டிங் கார்டு, அஞ்சலி பேனர் எல்லாமே வரும். இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அஞ்சலி பேனர். மற்றதெல்லாம் கரெக்‌ஷன் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இது இரண்டு மணி நேரத்தில் பிரிண்டுக்குப் போய்விடும், அதில் இருப்பவரை இனிமேல் போட்டோ எடுக்கவும் முடியாது. அந்த முகம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: போட்டோஷாப்பில் ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்கு லேயரை (மற்றதோடு ஒட்டாமல் தனியாக நகர்த்தக்கூடிய பட அடுக்கை) இழுத்துப் போட்டு, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி அளவை மாற்றுகிற அந்த அரை நிமிடத்தில். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அந்த அரை நிமிடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. லேயர் என்பது பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் குட்டிக் குட்டிப் புள்ளிகள். அதற்கு அங்குலம் தெரியாது. 1000 பிக்சல் அகலமுள்ள ஒரு படம் 72 ரெசல்யூஷன் (ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல்) ஃபைலில் இருந்தால் ஏறக்குறைய 14 அங்குலம் என்று காட்டும். அதே லேயரை 300 ரெசல்யூஷன் ஃபைலுக்கு இழுத்துப் போடுங்கள், 3.3 அங்குலம்தான் வரும். "அண்ணே, படம் சின்னதாப் போச்சு" என்று புதிய பையன்கள் பதறுவது இங்கேதான். படம் எங்கேயும் போகவில்லை. அதே 1000 பிக்சல்தான் இருக்கிறது, புதிய ஃபைலில் ஓர் அங்குலத்துக்குள் அடைய வேண்டிய பிக்சல் மட்டும் அதிகம். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். பதியாதவர்கள் உடனே மூலையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

போட்டோஷாப் முதலில் வந்தது 1990-ல். லேயர் வந்தது 1994-ல், மூன்றாம் பதிப்பில். அதற்கு முன்னால் ஒரு படத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்டினால், செலக்‌ஷனை விட்ட நொடியில் அது கீழே உள்ள படத்தோடு கரைந்துவிடும். பிறகு நகர்த்தவோ சரிசெய்யவோ வழியில்லை. லேயர் என்ற ஒன்று வந்ததால்தான் ஒரு முகத்தை இன்னொரு ஃபைலுக்குத் தனியாக எடுத்துப் போக முடிகிறது. (பழைய பதிப்புகள் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் போட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுக்குப் பக்கத்திலேயே சீதாராமன் நாராயணன் என்ற பெயர் இருக்கும். எங்கள் தலைமுறை டிசைனர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். தினம் காலையில் அதைப் படித்துவிட்டு வேலை ஆரம்பிப்பதில் ஒரு பெருமை இருந்தது.)

ஃபைல் மாற்றுவதற்குப் பல வழி உண்டு. மூவ் டூலை எடுத்து, படத்தைப் பிடித்து, இன்னொரு ஃபைலின் டேபுக்கு மேலே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தினால் அந்த ஃபைல் திறக்கும். கையை விடாமல் கேன்வாஸுக்குள் இறக்கிய பிறகுதான் விட வேண்டும். டேபிலேயே விட்டுவிட்டு "வரலியே" என்று திரும்பத் திரும்ப இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விடும்போது ஷிஃப்ட்டைப் பிடித்திருந்தால் லேயர் நட்டநடுவில் வந்து உட்காரும். இரண்டு ஃபைலும் ஒரே பிக்சல் அளவாக இருந்தால், முதல் ஃபைலில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் உட்காரும். ஆல்பம் வேலையில் இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது செய்பவர்களுக்குத் தெரியும். இழுப்பதே பிடிக்கவில்லை என்றால் லேயரின் மேல் ரைட் கிளிக் செய்து டூப்ளிகேட் லேயர் கொடுத்து, எந்த ஃபைலுக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். பத்துப் பதினைந்து லேயர் ஒன்றாகப் போக வேண்டியிருந்தால் நான் இதைத்தான் செய்கிறேன். கை நழுவி லேயர் வேறெங்காவது விழுகிற பயம் இதில் இல்லை.

ஃபோல்டரிலிருந்து ஜேபெக் ஃபைலை நேராகக் கேன்வாஸில் போடுவது வேறு விஷயம். அப்போது போட்டோஷாப் தானாகவே படத்தைக் கேன்வாஸுக்குள் அடங்கும்படி சுருக்கி, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைக்கும் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்). லேயராக இழுத்தால் சுருக்காது, இருக்கிற பிக்சல் அப்படியே வரும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000-க்கு 4000 பிக்சல். அதை 1050-க்கு 600 பிக்சல் உள்ள விசிட்டிங் கார்டு ஃபைலில் லேயராக இழுத்தால் நெற்றியின் ஒரு மூலைதான் தெரியும். அளவை மாற்ற கன்ட்ரோல் டி கொடுத்தால், பிடித்து இழுக்க வேண்டிய கைப்பிடிகளும் திரைக்கு வெளியே போயிருக்கும். அப்படியே கன்ட்ரோல் பூஜ்யம் அழுத்துங்கள், கைப்பிடி எல்லாம் தெரிகிற அளவுக்குத் திரை சுருங்கி வரும். கேன்வாஸுக்கு வெளியே இருக்கிற பகுதி அழிந்துவிடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது ஷிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். இழுபட்ட முகங்களில் பெரும் பகுதிக்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். பழைய போட்டோஷாப்பில் கன்ட்ரோல் டி கொடுத்து மூலையை இழுத்தால் அகலமும் உயரமும் தனித்தனியாகப் போகும். ஷிஃப்ட்டைப் பிடித்தால்தான் விகிதம் மாறாது. 'ஷிஃப்ட்ட விடாதே' என்பதுதான் டிடிபி சென்டர்களில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்பில், போட்டோஷாப்பைத் தயாரிக்கிற அடோபி இதைத் தலைகீழாக்கியது. சும்மா இழுத்தால் விகிதம் மாறாது, ஷிஃப்ட்டைப் பிடித்தால் மாறும். நம் ஊர்க் கடைகளில் ஒரு சிஸ்டத்தில் பழைய பதிப்பு, பக்கத்து சிஸ்டத்தில் புதியது. இந்த நாற்காலியில் சரியாக இருந்த கை, அந்த நாற்காலியில் முகத்தை இழுத்துவிடுகிறது. அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. கடையில் எல்லா சிஸ்டத்தையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பிரிஃபரன்ஸில் ஜெனரல் பகுதியில் 'யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்' என்று ஒரு டிக் இருக்கிறது. பழைய பழக்கத்தை மாற்ற முடியாதவர்கள் புதிய சிஸ்டத்தில் அதைப் போட்டுவிடலாம். எது எப்படியோ, என்டர் அடிப்பதற்கு முன் மேலே உள்ள பட்டையில் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே சதவீதம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கட்டமும் படமும் வேறு வேறு விகிதத்தில் இருந்தால்? படத்தைக் கட்டத்துக்காக வளைக்கவே கூடாது. கட்டத்தைக் கீழே ஒரு ஷேப்பாக வைத்து, மேலே படத்தை வைத்து, கன்ட்ரோல் ஆல்ட் ஜி அடித்தால் கட்டத்துக்கு உள்ளே வருவது மட்டும் தெரியும். சட்டையில் கொஞ்சம், தலைக்கு மேலே இருக்கிற வெற்றிடத்தில் கொஞ்சம் மறையும். சட்டை வெட்டுப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சுருக்குவதிலும் ஒரு சேதம் இருக்கிறது. சாதாரண லேயரைச் சுருக்கி என்டர் அடித்த நொடியில் மிச்ச பிக்சல்கள் போய்விடும். "கொஞ்சம் பெருசு பண்ணுங்க தம்பி" என்று பின்னால் நிற்கிற பெரியவர் சொன்னதும் திரும்ப இழுத்தால், போனது திரும்பி வராது. இருப்பதை வைத்து மென்பொருள் இடைவெளியை நிரப்பும், முகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். ஒவ்வொரு என்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடக்கும். இதற்கு மருந்து 2005-ல் சிஎஸ்2 பதிப்பில் வந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். அளவை மாற்றுவதற்கு முன்பே லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டால் ஒரிஜினல் உள்ளே பத்திரமாக இருக்கும். எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரிஜினலிலிருந்தே கணக்குப் போடும். இன்னொரு ஃபைலுக்கு இழுத்துப் போனாலும் ஒரிஜினலும் கூடவே போகும். கன்ட்ரோல் டி கொடுத்தால் ஒரிஜினலில் எத்தனை சதவீதத்தில் நிற்கிறோம் என்றும் காட்டும். 100-ஐத் தாண்டினால், இல்லாததைக் கேட்கிறோம் என்று அர்த்தம்.

அடோபிக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதே வேலையைச் செய்யலாம். லேயர் பட்டியலிலிருந்து இன்னொரு படத்தின் மேல் இழுத்து விட்டால் போதும். பழைய பதிப்புகளில் பேஸ்ட் செய்ததும் அது மிதந்துகொண்டு நின்று பலரைக் குழப்பியது. 2025 மார்ச்சில் வந்த 3.0-ல் அது தனி லேயராகவே வருகிறது. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போல ஒன்று அந்தப் பதிப்பில் இல்லை. அதனால் தொடாத ஒரிஜினலை ஒரு லேயராக மறைத்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பிரவுசரிலேயே ஓடுகிற போட்டோபீ, போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், ஸ்மார்ட் ஆப்ஜெக்டையும் புரிந்துகொள்ளும். ரொம்பக் கனமான ஃபைல் இல்லையென்றால் தாராளமாகப் போதும்.

சரி, பெரிதாக்குவது. இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் ஒரு தம்பி வந்தார். அம்மா அன்று காலையில் தவறிவிட்டார். போனில் ஒரு படம் காட்டினார். லேமினேட் செய்த ஆதார் அட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் நாலு பேர் கை மாறி வந்த படம்.

"அண்ணே, பத்துக்கு எட்டு பேனர். இந்த ஃபோட்டோதான் இருக்கு. அப்பாவையும் பக்கத்துல வெக்கணும். அவர் போய்ப் பல வருசம் ஆச்சு."

"வீட்ல மாட்டி வெச்ச படம், ஸ்டுடியோல எடுத்த பாஸ்போர்ட் சைஸ், பழைய ஆல்பம், எதுனா இருக்கா தம்பி? எது இருந்தாலும் அப்பிடியே எடுத்துனு வாங்க. போன்ல எடுக்காதீங்க. நான் ஸ்கேன் பண்ணிக்கிறேன்."

அவருக்கு வீடு வரைக்கும் திரும்பிப் போக மனமில்லை, நேரமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் போகச் சொன்னேன். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 10-க்கு 8 அடி ஃப்ளெக்ஸை நாங்கள் 10-க்கு 8 அங்குலமாக, 300 ரெசல்யூஷனில் போடுவோம். 3000-க்கு 2400 பிக்சல். அடியாக விரியும்போது ஓர் அங்குலத்துக்கு 25 பிக்சல்தான் மிஞ்சும். தெருவில் நின்று பார்க்க அது போதும். அதில் ஓர் ஆளின் படம் 4 அடி உயரம் என்றால் 1200 பிக்சல் வேண்டும். 35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 600-ல் ஸ்கேன் செய்தால் உயரம் 1063 பிக்சல் கிடைக்கும். கிட்டத்தட்ட வந்துவிட்டோம்! ஸ்டுடியோவில் கழுவிய பழைய பிரிண்டாக இருந்தால் 1200-லும் ஸ்கேன் செய்து பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் விவரம் வரும். வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் படத்திலோ அந்த அம்மாவின் முகம் நூற்றைம்பது பிக்சல்கூடத் தேறாது. அதைப் பேனர் ஃபைலுக்கு இழுத்துப் போட்டு எட்டு மடங்கு பெரிதாக்கினால் பிக்சல் உடையாமல் என்ன செய்யும்?

அவர் பாஸ்போர்ட் படம் ஒன்று கொண்டுவந்தார். அப்பாவுடையது கறுப்பு வெள்ளை, ஏதோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வர வேண்டும். சேர்ந்து எடுத்த படம் அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை.

இரண்டு காலத்துப் படங்களை ஒரே ஃபைலில் சேர்க்கும்போது அளவை எதை வைத்துச் சரிபார்ப்பது? தலை உயரத்தை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒருவருக்கு முடி தூக்கி வாரியிருக்கும், இன்னொருவருக்குப் படிந்திருக்கும். கண்ணிலிருந்து முகவாய் வரைக்குமான தூரத்தைப் பாருங்கள். இரண்டு முகத்திலும் அது ஏறக்குறைய பொருந்தும்படி வைத்த பிறகு, ஆணின் முகத்தை ஒரு நூல் கூட்டினால் இயல்பாக இருக்கும். அடுத்தது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி அமைய வேண்டும் என்பதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்புவது. தயவுசெய்து வேண்டாம். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தி மாறிவிடும். சட்டைப் பை வலப்பக்கம் வந்துவிடும். வகிடு மாறிய முகத்தை வீட்டு ஆட்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். திருப்புவதற்குப் பதில் இடத்தை மாற்றுங்கள், அம்மாவை அந்தப் பக்கம், அப்பாவை இந்தப் பக்கம்.

அப்பாவின் முகம் குரூப் போட்டோவிலிருந்து வந்ததால் கொஞ்சம் மங்கல், அம்மாவுடையது பளிச்சென்று இருந்தது. மங்கலாக இருப்பதைக் கூர்மையாக்க ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் தோல் சொரசொரப்பாகும். அதனால் இரண்டையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்து, பளிச்சென்று இருந்ததைத் துளி மென்மையாக்கி, இரண்டுக்கும் மேலே ஒரே அளவில் கொஞ்சம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) போட்டேன். ஒரே நாளில் எடுத்த படம் போல ஆகாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணை உறுத்தாது.

"ஏஐ-ல போட்டா சூப்பரா வருமாமே அண்ணே?" என்று அந்தத் தம்பியும் கேட்டார். வரும். சின்ன முகத்தைக் கொடுத்தால் இமை மயிர் வரைக்கும் எண்ணிப் பார்க்கிற மாதிரி வரும். ஆனால் அந்த இமை அவர் அம்மாவுடையது இல்லை. நூற்றைம்பது பிக்சலில் இல்லாத விவரத்தை அது வேறு ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்து வரைகிறது. கண்ணுக்குக் கீழே இருந்த மடிப்பு போய்விடும், முன்பல்லில் இருந்த இடைவெளி அடைபட்டுவிடும். மவுண்ட் ரோட்டில் 40, 50 அடி உயரத்துக்கு சினிமா கட்-அவுட் வரைந்த ஓவியர்களும் இல்லாத விவரத்தைச் சேர்த்தவர்கள்தான். கையகல ஸ்டில் மேல் கட்டம் போட்டு, தட்டியிலும் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்கள். ஸ்டில்லில் ஒரு புள்ளியாக இருந்த கண்ணைத் தட்டியில் பல மடங்கு பெரிதாக வரைய வேண்டும். அந்தப் புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. ஆனால் அந்த நடிகரின் முகத்தை அவர்கள் நூறு ஸ்டில்லில், திரையில், பழைய பேனரில் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். சேர்த்தது அந்த முகத்தைத் தெரிந்த கை. ஏஐ-க்கு அந்த அம்மாவைத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால் வெளிச்சத்தையும் கறையையும் சரிசெய்வேன், சுருக்கத்தைத் தொட மாட்டேன். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அது அவராக இருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் ஏஐ-தான் வேண்டும் என்றால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். "இது எங்க அம்மா மாதிரியே இல்லியே" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

முகம் முடிந்த பிறகு வருகிற சின்ன விஷயங்கள் இரண்டு. லேயருக்கு ஷேடோ, ஸ்ட்ரோக் போட்டுவிட்டுப் பிறகு கன்ட்ரோல் டி-யில் சுருக்கினால் படம் சுருங்கும், ஷேடோ சுருங்காது, முகத்தைச் சுற்றிக் கருமேகம் போல நிற்கும். லேயர் ஸ்டைலில் ஸ்கேல் எஃபெக்ட்ஸ் கொடுத்து அதையும் குறைக்க வேண்டும். தமிழ் மேட்டர் உள்ள லேயரை இன்னொரு சிஸ்டத்துக்குக் கொண்டுபோனால், பழைய எழுத்துரு அங்கே இல்லாதபோது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கலாம். யூனிகோடாக இருந்தாலும் சில சிஸ்டத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், அந்தத் தேர்வு உள்ள பதிப்புகளில் டைப் பிரிஃபரன்ஸில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பிரிண்டுக்கு அனுப்பும் நகலில் எழுத்துகளை ஷேப்பாக மாற்றிவிடுங்கள், எந்த அளவுக்கு இழுத்தாலும் உடையாது. எழுத்தாகவே இருக்கிற நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டியது நீங்கள்தான்.

பேனர் போனதோடு வேலை முடிவதில்லை. அன்று ராத்திரியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920-ல் ஒன்று கேட்பார்கள். பதினாறாம் நாளுக்குக் கார்டு. ஹாலில் மாட்ட ஃபிரேம் படம். அடுத்த வருடம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அப்போதெல்லாம் பேனரிலிருந்து முகத்தை வெட்டி எடுக்காதீர்கள், பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லவும் கூடாது. பிஎஸ்டி-யைத் திறந்து, அந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் லேயரைப் புதிய ஃபைலுக்கு இழுத்துப் போடுங்கள். ஸ்கேன் செய்த முழு அளவு படத்தைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிடுங்கள், அதற்குக் காசு வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில்தான் வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். நம் கடை நாளைக்கு இருக்கலாம், இல்லாமல் போகலாம். அந்தப் படம் அவர்கள் வீட்டில் இருந்தால் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போவார்கள்.